பதில்: தாத்தாவின் படத்தில் இருப்பது ஊட்டி ரயில்தானா?

உங்கள் தாத்தாவின் பெட்டியில் கிடைத்த படத்தில் எஞ்சின் எண் 78 என்று தொடங்குவதாகவும், முன்பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது ஊட்டி ரயில் இல்லை, டார்ஜிலிங் மலை ரயிலின் 'பி' வகை எஞ்சின்.

அந்த இரண்டு பேர்தான் பெரிய சாட்சி. ஏற்றத்தில் தண்டவாளம் ஈரமாக இருந்தால் சக்கரம் வழுக்கும். அப்போது மணல் தூவுவதற்காகவே முன்னால் ஆள் உட்காருவார்கள். ஊட்டிப் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சட்டம் இருக்கிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பிடித்து ஏறும். டார்ஜிலிங்கில் அப்படி எதுவும் கிடையாது. வெறும் நான்கு சக்கரத்தின் பிடிப்பை நம்பித்தான் மலையேற வேண்டும். இத்தனை சின்ன எஞ்சின் அதைச் செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

பாதையின் அகலம் 610 மி.மீ., ஊட்டியில் 1,000. கொதிகலன்மேல் சேணம் போலக் கவிழ்ந்த தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா என்றும் பாருங்கள்.

1889-இல் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி இந்த வகையைத் தொடங்கியது. 1925 வரை மொத்தம் 34 எஞ்சின்கள் வந்தன. மூன்றை 1917-இல் அமெரிக்காவின் பால்ட்வின் செய்தது.

அப்புறம், 78-இல் தொடங்கும் எண்கள் சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ரயில்வே கொடுத்தவை. எனவே படமும் அதற்குப் பிந்தியதே. எண்ணின் கடைசி இலக்கம் தெரியும்படி ஸ்கேன் செய்து போடுங்கள், எந்த எஞ்சின் என்றே பார்த்துவிடலாம்.