தமிழ் தெரியும் என்பதற்காகவா அனுப்பினீர்கள்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 52 வயது. இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் மூத்த மருத்துவர். சிறப்புத் துறை படிக்க வரும் ரெசிடென்ட் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இரண்டாம் ஆண்டில் இருக்கும் 29 வயதுப் பெண் ஒருத்தி, நல்ல கெட்டிக்காரி, போன மாதம் திடீரென்று "குடும்ப மருத்துவத்துக்கு மாறிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். காரணம் கேட்டால் சொல்வதில்லை. அதற்குச் சில நாள் முன்பு 44 வயதுக்காரர் ஒருவர் வீட்டில் மயங்கி விழுந்து, ஆம்புலன்ஸ் அழைப்பு எண் 995இல் சொல்லச் சொல்ல மனைவி நெஞ்சை அழுத்தி, ஆம்புலன்ஸில் எங்களிடம் வந்தும் பிழைக்கவில்லை. தமிழ்க் குடும்பம். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பதால், சொல்லிவிட்டு வா என்று அனுப்பினேன். 40 நிமிடம் உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே ஒரே கூட்டம். அதற்காகக் கொஞ்சம் கண்டித்தேன், அவ்வளவுதான். சார்ஸ் தொற்றுநோய்க் காலத்தில் நாங்கள் படாத பாடா? இந்தத் தலைமுறைக்கு நெஞ்சுரம் இல்லை. அவள் அப்பாவை எனக்குக் கோயிலில் பழக்கம். அவரிடம் பேசிப் பார்க்கலாமா?
- பெயர் வேண்டாம், புக்கிட் பாஞ்சாங்

பதில்: தம்பி, நீங்கள் எழுதியது கையெழுத்தில் நான்கு பக்கம். இடம் இல்லாததால் சுருக்கிப் போட்டிருக்கிறேன். நான்கு பக்கமும் தமிழ். ஒற்றுப்பிழைகூட அதிகம் இல்லை. இப்படி எழுதத் தெரிந்த மனிதர், ஒரு பெண்ணிடம் அவள் புருஷன் இறந்துவிட்டார் என்று சொல்வதற்கு, "அவளுக்குத் தமிழ் தெரியும்" என்று தன் மாணவியை அனுப்பியிருக்கிறார்.

போகிற போக்கில் எழுதிய வரி அது. எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அன்று இரவு அங்கே தமிழ் தெரிந்த மருத்துவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறீர்கள். ஒருவர் கால் நூற்றாண்டாக இந்த வேலையில் இருப்பவர். இன்னொருவர் கற்றுக்கொள்ள வந்தவர். உள்ளே போனது யார்?

மொழிக்காக நீங்கள் அவளை அனுப்பவில்லை. அந்தக் கதவைத் திறக்க உங்களுக்கு மனசு வரவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வரவில்லை. யாருக்குத்தான் வரும்? அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களால் தூக்க முடியாததை அவள் தலையில் ஏற்றிவிட்டு, அவளுக்கு நெஞ்சுரம் இல்லை என்று எனக்கு எழுதுகிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் முதன்முதலாக ஒரு நோயாளியின் தொண்டையில் குழாய் இறக்கியபோது நீங்கள் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். அதற்கு முன்னால் பொம்மையில் எத்தனை தடவை செய்ய வைத்திருப்பீர்கள்! நெஞ்சை அழுத்துவதற்குக்கூட நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று கணக்கு வைத்துச் சொல்லித்தருகிறீர்கள். மரணத்தைச் சொல்ல என்ன சொல்லித்தந்தீர்கள்? "சொல்லிவிட்டு வா." இரண்டே வார்த்தை.

இதெல்லாம் பயிற்சியில் வராது என்று சொல்லாதீர்கள். 2010இல் இங்கே ரெசிடென்சி முறை வந்தபோது அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்ட ஆறு திறன்களில், நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் பேசும் திறனும் ஒன்று. உங்கள் துறைக்காரர்களே மரணச் செய்தி சொல்ல ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் துக்கப்படுவதைக் குறிக்கும் 'கிரீவிங்' என்ற சொல்லை எடுத்து, எழுத்துக்கு ஒரு படி. முதலில் குடும்பத்தாரை ஒன்றாகக் கூட்டு, நடந்ததைச் சுருக்கமாகச் சொல், இறந்துவிட்டார் என்பதை அந்தச் சொல்லாலேயே சொல் என்று வரிசையாகப் போகிறது. நடுவில் ஓர் இடத்தில் எழுத்து கிடையாது, வெறும் கோடு. அந்த இடத்தில் மருத்துவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். குடும்பம் அழட்டும் என்று விட்ட இடம். உங்கள் மாணவி 40 நிமிடம் உட்கார்ந்தாளே, அந்தக் கோட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு அவளைக் கண்டித்திருக்கிறீர்கள். வெளியே கூட்டம் நின்றது உண்மைதான். அந்தக் கூட்டத்தைப் பார்க்க அவளை விட்டுவிட்டு நீங்கள் உள்ளே போயிருக்கலாம்.

என் அப்பா இறந்த இரவைச் சொல்கிறேன். காத்திருந்த அறைக்கு ஓர் இளம் மருத்துவர் தனியாக வந்தார். கதவைப் பிடித்தபடியே, "அப்பா போயிட்டாரும்மா" என்றார். என் அம்மா உடனே எழுந்து பையை எடுத்துக்கொண்டு, "எந்த வார்டுக்கு?" என்று கேட்டார். பையில் அப்பாவுக்கு மாற்றுக் கைலியும் ஒரு பிளாஸ்க் ஹார்லிக்ஸும் இருந்தன. அந்தப் பையனுக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். கடைசியில் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவர் மேல் பல வருடம் கோபமாக இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான், அவரை யார் தனியாக அனுப்பினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

போயிட்டார், தவறிட்டார், இனிமே இல்லை. நமக்கு இறந்துவிட்டார் என்ற சொல் வாயிலேயே வராது. அபசகுனம் என்று வளர்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நடக்கும் எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். எந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு தமிழ்க் கிழவிக்குத் தப்பாமல் புரியும், எப்போது "அம்மா, உக்காருங்க" என்று கையைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் உங்களைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டினால்தான் வரும். அவளுக்குத் தமிழ் தெரியும் என்கிறீர்களே, இந்தத் தமிழை அவளுக்கு யார் சொல்லித்தந்தது?

இன்னொன்று. அந்த மனைவி தன் கையால் புருஷனின் நெஞ்சை அழுத்தியவர். உள்ளே அவர் என்ன கேட்டிருப்பார்? "நான் சரியா அழுத்தலையா டாக்டர்?" என்றுதானே? கேட்டாரா, கேட்டிருந்தால் அவள் என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் நீங்கள் அங்கே இல்லை. திடீர் மரணம், காரணம் தெரியாவிட்டால் மரண விசாரணை அதிகாரிக்குப் போகும், போலிஸ் வரும். ராத்திரியே உடலை வாங்கி, புளோக் கீழ்த்தளத்தில் வைத்து, மறுநாள் மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்திருக்கும் வீட்டுப் பெரியவர்களிடம், அது தாமதமாகலாம் என்பதையும் அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். 40 நிமிடம் எனக்குக் குறைவாகவே தெரிகிறது.

சார்ஸைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2003இல் இங்கே 238 பேருக்குத் தொற்றி 33 பேர் இறந்தார்கள். மருத்துவர்களும் தாதியரும் அதில் உண்டு. இந்த ஊர் உங்களுக்குப் பட்ட கடன் தீராது. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அப்போது உங்களுக்கு மேலே இருந்தவர்கள், நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று உங்களை மட்டும் உள்ளே அனுப்பினார்களா? அல்லது அவர்களும் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு உங்களோடு வந்தார்களா?

அவள் அப்பாவிடம் பேசவே கூடாது. 29 வயதுப் பெண். சாகக் கிடக்கும் உயிரை அவள் கையில் நம்பிக் கொடுக்கிறீர்கள், அவள் எடுத்த முடிவுக்கு மட்டும் அப்பாவிடம் போய் முறையிடுவீர்களா? பிள்ளை உடைந்து வந்தால் சாய்ந்துகொள்ள இடம் கொடுக்கத்தான் வீடு. அங்கேயும் போய் நீங்கள் ஆளைத் திரட்டினால் அவள் எங்கே போவாள்? கோயிலில் அவரைப் பார்த்தால், உங்கள் பெண் நல்ல மருத்துவர் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அவளை வேலைநேரம் முடிந்தபிறகு கூப்பிட்டு உட்கார வையுங்கள். மனதை மாற்றிக்கொள் என்று ஒரு வார்த்தை பேசாதீர்கள். "அன்றைக்கு நான் வந்திருக்க வேண்டும், உன்னைக் கண்டித்தது தப்பு" என்று சொல்லுங்கள். மூத்தவர் இளையவரிடம் மன்னிப்புக் கேட்பது நம் ஆட்களுக்குக் கஷ்டம்தான். கேளுங்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவள் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அப்புறம், மற்ற ரெசிடென்ட்டுகளில் ஒருவரைக்கூட இனி அந்த அறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். முதலில் நீங்கள் பேசுங்கள், அவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். சில தடவை போனபிறகு அவர்கள் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அந்த மனைவியையும் மறக்காதீர்கள். மருத்துவ சமூக ஊழியர் மூலம் கேட்டு, அவர் சம்மதித்தால் நீங்களே பேசுங்கள். 995இல் சொன்னபடி அழுத்திக்கொண்டே இருந்ததுதான் அந்த நேரத்தில் யாராலும் செய்யக்கூடியது என்பதை ஒரு மூத்த மருத்துவர் வாயால் அவர் கேட்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெண் குடும்ப மருத்துவத்துக்குப் போகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். தமிழ்க் கிழவன் கிழவிகள் நிறையப் பேர் அங்கேயும் இருக்கிறார்கள். பரிந்துரைக் கடிதம் நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த 40 நிமிடத்தை அதில் எழுதுங்கள்.