மெக்சிகோவின் கல்லறை இரவு: ஊருக்கு முன்னால் தேதியைப் பாருங்கள்

கேள்வி: டாலஸில் வேலை பார்க்கிறேன். நவம்பர் முதல் வாரம் மனைவி, 8 வயது மகளோடு மெக்சிகோ போய், இறந்தவர்களுக்காக மக்கள் கல்லறையில் கண்விழிக்கும் இரவைப் பார்க்க ஆசை. வெளியாட்கள் போகலாமா? எந்த ஊர் சரி? நாங்கள் சைவம்.

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ‘நவம்பர் முதல் வாரம்’ என்று டிக்கெட் போட்டால் ஏமாந்து திரும்ப வாய்ப்புண்டு. ‘இறந்தோர் நாள்’ என்ற இந்தத் திருவிழாவில், நாள்காட்டிப்படி நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கும் 2 பெரியவர்களுக்கும் உரியது என்றாலும், கல்லறையில் விழித்திருக்கும் இரவு ஊருக்கு ஊர் மாறும். தென் மெக்சிகோவில் உள்ள ஓஹாகா நகரை ஒட்டிய சோசோகோட்லான், அட்சோம்பா ஆகிய ஊர்களில் அது அக்டோபர் 31 இரவு. மிச்சோகான் மாநிலத்தின் பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில், புரேப்பெச்சா மக்கள் வாழும் ஊர்களில், நவம்பர் 1 இரவு. மெக்சிகோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள மீஸ்கிக்கில் நவம்பர் 2 மாலை. ஆகவே எந்த இரவு உங்களுக்குத் தோதுப்படும் என்று முடிவுசெய்த பிறகு ஊரைத் தேடுங்கள். 2ஆம் தேதிதான் விடுப்பு கிடைக்கும் என்றால் ஓஹாகாவை மறந்துவிட்டு மீஸ்கிக் போவதே புத்திசாலித்தனம்.

குழந்தையோடு போவதால் என் ஓட்டு ஓஹாகாவுக்கு. அக்டோபர் 29 வாக்கிலேயே போய்ச் சேருங்கள். கல்லறைக்கு முன் சந்தையைப் பார்க்க வேண்டும். சென்ட்ரல் தே அபாஸ்தோஸ் என்ற பெரிய சந்தையில் செம்பாசூச்சில் பூவும் கோழிக்கொண்டைப் பூவும் கட்டுக்கட்டாகக் குவியும். நம்மூர் மாலைகளில் வரும் செண்டுமல்லியும் இதே செம்பாசூச்சில்தான். அதன் தாயகம் மெக்சிகோ. மாவில் செய்து வண்ணம் தீட்டிய சின்னஞ்சிறு முகம் பதித்த ரொட்டிகள், கோபால் என்ற மரப்பிசின் சாம்பிராணி, சர்க்கரை மண்டையோடுகள் எல்லாம் அங்கே கிடைக்கும். மகளுக்கு அந்தச் சந்தையே பாதித் திருவிழா. வீடுகளிலும் கடைகளிலும் வைக்கும் படையலில் இறந்தவர் படம், தண்ணீர், உப்பு, மெழுகுவர்த்தி, அவருக்குப் பிடித்த பண்டம் எல்லாம் இருக்கும். சிலருக்கு பீர் பாட்டிலும் உண்டு.

சோசோகோட்லானில் புதிய கல்லறைக்கு வெளியே ராட்டினமும் தின்பண்டக் கடைகளுமாகக் கூட்டம் நெரியும். இடிந்த சிற்றாலயத்தைச் சுற்றியுள்ள பழைய கல்லறைதான் பார்க்க வேண்டியது. அட்சோம்பா அதைவிட எனக்குப் பிடிக்கும். இருட்டத் தொடங்கும்போதே போய்விடுங்கள். குடும்பங்கள் பூவால் கல்லறையை அலங்கரிப்பதை அப்போதுதான் பார்க்க முடியும். ஓர் இரவில் மூன்று கல்லறைக்கு வேனில் கூட்டிப்போகும் சுற்றுலாக்களைத் தவிர்ப்பது நல்லது. ஒரே இடத்தில் இரண்டு மணி நேரமாவது இருந்தால்தான் பாட்டு, சாப்பாடு, அழுகை, சிரிப்பு எல்லாம் கலந்து வருவது புரியும்.

உள்ளே நடந்துகொள்ளும் விதம் எளிது. துக்க வீட்டுக்குப் போகிறவரின் அடக்கம் வேண்டும், ஆனால் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம். ‘புவேனாஸ் நோச்சேஸ்’ என்று வணக்கம் சொல்லுங்கள். ‘பூயேதோ தொமார் ஊனா ஃபோத்தோ?’ என்று கேட்டு, அவர்கள் தலையசைத்த பிறகே படம் எடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. கல்லறைகளை மிதிக்காமல் சுற்றி நடங்கள். எலும்புமுக ஒப்பனையை நகரத் தெருவில் போட்டுக்கொள்ளலாம். கல்லறைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. கையில் சில மெழுகுவர்த்திகளும் பூவும் இருக்கட்டும். யாரும் கவனிக்காத கல்லறை ஒன்றில் வைக்கலாம், பேச்சுக் கொடுத்த குடும்பத்திடமும் தரலாம்.

மெக்சிகோ நகரத்தின் பிரம்மாண்ட ஊர்வலத்துக்காகத் திட்டத்தை மாற்ற வேண்டாம். 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காகக் கற்பனை செய்த ஊர்வலத்தைப் பார்த்து, 2016இல் நிஜமாகவே தொடங்கியது அது. குழந்தைக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். பாட்ஸ்குவாரோ 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இடம். இரவுக் குளிர் குழந்தையைப் படுத்தும். போவதென்றால் கூட்டம் பிதுங்கும் ஹனிட்சியோ தீவைவிடக் கரையிலுள்ள ட்ஸின்ட்ஸூன்ட்ஸான் மேல்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். தமாலில் (சோள மாவை இலையில் பொதிந்து அவித்த பண்டம்) காய் மட்டுமே இருந்தாலும் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். மோலே குழம்பில் கோழிச் சாறு இருக்கும். முகம் பதித்த அந்தத் திருவிழா ரொட்டியில் முட்டை உண்டு. ‘சின் மான்தேக்கா, சின் கார்னே’ (கொழுப்பு, இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். தண்ணீரில் கலக்கிய சூடான சாக்லேட், பழங்கள், பீன்ஸ், சோள ரொட்டி ஆகியவற்றை வைத்துச் சமாளிக்கலாம்.

விசா விஷயம்: மூவர் பாஸ்போர்ட்டிலும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் சுற்றுலாவுக்கு மெக்சிகோ விசா தனியாக வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்பிங் காலாவதியாகி, அமெரிக்காவில் தொடர்ந்து தங்குவதற்கான நீட்டிப்புக் கடிதம் மட்டும் இருந்தால், மெக்சிகோ தூதரகத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். ஓஹாகாவில் திருவிழா வாரத்துக்கான அறைகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும், அதனால் அறையை முதலில் பிடியுங்கள். நள்ளிரவில் கல்லறை வாசலில் டாக்சி பிடிப்பது பெரும்பாடு; திரும்பக் கூட்டிவர ஓட்டுநரை முன்கூட்டியே பேசி வையுங்கள்.