6000 மீட்டர் சிகரத்துக்கு முதல் தடவை போகிறவர் எதை வாங்க வேண்டும், எதை வாடகைக்கு எடுக்க வேண்டும்?

கேள்வி: சென்னையில் வேலை, வயது 31. கேதார்கந்தா டிரெக் போய் வந்திருக்கிறேன். அடுத்த ஆகஸ்டில் லடாக்கில் காங் யாட்சே 2 சிகரம் ஏற ஆசை. என்னென்ன சாமான் வாங்க வேண்டும், எப்படித் தயாராக வேண்டும்? சாமானுக்கு 40,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும்.

டவுன் ஜாக்கெட்டில் (பறவையின் மென்சிறகு அடைத்த கனத்த குளிர்ச்சட்டை) ஆரம்பிக்காமல் இருந்தால் 40,000 போதும். கடைக்குள் நுழைந்ததும் எல்லோருடைய கையும் முதலில் அதன்மேல்தான் போகிறது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் ஏற்கெனவே சிகரம் ஏறிவிட்ட மாதிரி இருக்கும், விலையும் பட்ஜெட்டில் பாதியைத் தின்றுவிடும். ஆனால் நடக்கும்போது அதைப் போடவே மாட்டீர்கள். கூடாரத்துக்கு வெளியே நிற்கும்போதும், ஏற்றத்தில் பத்து நிமிடம் உட்காரும்போதும்தான் அதற்கு வேலை. ஒரு சைஸ் பெரிதாக இருந்தாலும் குடி முழுகிப்போகாது. ஆகவே அதை லடாக்கின் லே நகரில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நான் பின்பற்றுவது இதுதான்: உங்கள் உடம்பின் அளவுக்குச் சரியாகப் பொருந்தினால்தான் வேலை செய்யும் என்றால் அதைச் சொந்தமாக வாங்குங்கள். கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டம்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பில் கட்டும் வார்), ஹெல்மெட் மாதிரி யாருக்கும் சரிசெய்து மாட்டக்கூடியவை வாடகைக்குப் போதும். ஏற்பாடு செய்யும் நிறுவனமே இவற்றைத் தருவதும் உண்டு. பூட்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்கிற விவகாரம், அதை விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் முதல் ஆறாயிரத்துக்கு எல்லோரும் ஸ்டோக் காங்ரிக்குத்தான் (6,153 மீட்டர்) போவார்கள். கூட்டம் தாங்காமல், குடிக்கவும் பாசனத்துக்கும் அந்த மலையின் பனியாற்றை நம்பியிருக்கும் ஊர்க்காரர்களே 2020இல் அதை மூடினார்கள். அதன்பின் கூட்டம் மார்க்கா பள்ளத்தாக்கில் இருக்கும் காங் யாட்சே 2 பக்கம் திரும்பியது. இதன் உயரம் சுமார் 6,250 மீட்டர். விளம்பரங்களில் ‘டிரெக்கிங் பீக்’ என்று போடுகிறார்கள், எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பேஸ் கேம்ப்பிலிருந்து நடுராத்திரி கிளம்பி, கல்லும் சரளையும் ஏறி, அப்புறம் கிராம்பான் மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் கயிற்றில் சேர்ந்து நடப்பது டிரெக்கிங் கிடையாது. நீங்கள் போன கேதார்கந்தா 3,810 மீட்டர். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர்தான், லே விமான நிலையமே அதைவிட 600 மீட்டர் மேலே இருக்கிறது. காங் யாட்சே உச்சியில் காற்றழுத்தம் மெரினா கடற்கரையில் இருப்பதில் பாதிகூட இருக்காது.

சரி, பூட்ஸ். இதற்கு வேண்டியது டபுள் பூட்ஸ், அதாவது வெளியே கெட்டியான கூடு, உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய மெத்தென்ற இன்னொரு பூட்ஸ். புதிதாக வாங்கினால் உங்கள் மொத்த பட்ஜெட்டும் அதற்கே போய்விடும், ஒரே ஒரு சிகரத்துக்காக வாங்குவது வீண். லேயில் வாடகைக்குக் கிடைக்கிறது, ஆனால் கடைக்காரர் நீட்டிய ஜோடியை அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் கூடு பயன்படுத்தாமல் சும்மா இருந்தாலும் வயதாக ஆக நொறுங்கத் தொடங்கும். கணுக்கால் மடங்கும் இடத்தில் வெளுத்த கோடுகள் தெரிகிறதா பாருங்கள், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். அடிப்பாகத்தின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து நெம்பிப் பாருங்கள், பசை விட்டிருந்தால் வாய் பிளக்கும். உள் பூட்ஸுக்குள் கையை நன்றாக விட்டு விரல் நுனி வரை ஈரம் இருக்கிறதா என்று தடவுங்கள். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

அளவு பார்க்க சாயங்காலம் போங்கள், அந்நேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். சிகரத்துக்குப் போடப்போகும் அதே சாக்ஸோடு மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டி, கடைவாசல் படியில் கீழ்நோக்கி நின்று ஓங்கி மிதியுங்கள். கட்டைவிரல் முன்னால் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். இறங்கும்போது நகம் கருத்துப்போகும். குதிகால் லேசாகத் தூக்கினால் பரவாயில்லை. “இறுக்கமாக இருந்தால்தான் குளிர் உள்ளே போகாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், விரல் மரத்துப்போகும், பனிக்கடிக்கு அதுவே வழி.

பூட்ஸை முடிவு செய்த அதே இடத்தில் கிராம்பானையும் மாட்டிப் பார்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் வாரால் கட்டுவது, குதிகாலில் மட்டும் நெம்புகோல் உள்ளது, முன்னால் கம்பியும் பின்னால் நெம்புகோலும் உள்ளது என்று மூன்று வகை உண்டு. கடைசி வகைக்கு பூட்ஸின் இரு முனையிலும் பள்ளம் வேண்டும், டபுள் பூட்ஸில் அது இருக்கும். பொருந்துகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. கிராம்பானை மாட்டி, பாதுகாப்பு வாரைக் கட்டாமல் பூட்ஸைத் தூக்கி உலுக்குங்கள். விழாமல் நின்றால் சரி. அடியில் பனி ஒட்டாமல் இருக்க ரப்பர் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் பனி இளகி, தகடு இல்லாத கிராம்பானின் அடியில் உருண்டையாகத் திரண்டுகொள்ளும். அப்போது முள் பனியில் இறங்காது. இறக்கத்தில், களைத்திருக்கும் நேரத்தில் வழுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி சொந்தக் காசு போட வேண்டியவை. கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி வாங்குங்கள். அதில் ஒன்றை சிகர ராத்திரி வரை தொடவே தொடாதீர்கள். கையுறை மூன்று அடுக்கு: மெல்லிய உள்ளுறை, அதன்மேல் ஃபிளீஸ், அதற்குமேல் காற்றும் ஈரமும் புகாத பெரிய மிட்டன், அதாவது நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறை. மிட்டனில் மணிக்கட்டுக் கயிறு இருக்க வேண்டும், சரிவில் கழற்றிக் கீழே வைத்தது உருண்டு போனால் திரும்ப வராது. உள்ளுறை மட்டும் இரண்டு ஜோடி, வியர்வையில் நனைந்ததை மாற்றிக்கொள்ள.

வாங்கியதோடு விடாமல் வீட்டில் ஒத்திகை பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கையுறையோடு ஹார்னஸ் பக்கிளைப் போடுங்கள், ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து மூடுங்கள், ஹெட்லாம்ப் பேட்டரியை மாற்றுங்கள். ஹார்னஸ் இல்லாவிட்டால் ரக்சாக் பக்கிளில் பழகுங்கள். எந்த ஜிப்பைப் பிடிக்க முடியவில்லையோ அதன் நுனியில் ஒரு சின்னக் கயிற்றை முடிச்சுப் போட்டுவிடுங்கள். வீட்டு ஃபிரீசர் ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி, உங்கள் சிகர ராத்திரியும் மைனஸ் பத்து, பதினைந்தை ஒட்டியே இருக்கும், காற்று தனி. ஹெட்லாம்பை ஒரு ராத்திரி ஃபிரீசரில் வைத்து, எடுத்ததும் எரியவிட்டுப் பாருங்கள். (வீட்டில் திட்டு விழும், அதற்கு நான் பொறுப்பில்லை.) சாதாரண ஆல்கலைன் பேட்டரி மங்கிவிடும், லித்தியம் பேட்டரி தாங்கும். இதெல்லாம் தெரிந்தவர்கள்கூட ராத்திரி இரண்டு மணிக்கு வெறுங்கையால் கிராம்பான் வாரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். விரல் மரத்துப்போவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கண்ணாடியில் மிச்சம் பிடிக்காதீர்கள். பனி விழுகிற புறஊதாக் கதிரில் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அடிக்கும், உயரம் ஏற ஏற கதிரும் கூடும். கேட்டகரி 4 என்று குறிப்பிட்ட, பக்கவாட்டு மறைப்பு உள்ள கண்ணாடி வாங்குங்கள். அது வெளிச்சத்தில் 3 முதல் 8 சதவீதம்தான் உள்ளே விடும். அதனால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. பவர் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதன்மேல் மாட்டும் காகிள்ஸ் தேவை.

உடைகளில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உடம்பை ஒட்டி கம்பளி அல்லது சிந்தெடிக், மேலே ஃபிளீஸ், அதற்குமேல் காற்றும் மழையும் தடுக்கும் ஷெல். பருத்தி மட்டும் வேண்டாம், உள்ளாடை உட்பட. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும்.

ஸ்லீப்பிங் பேக் பெரும்பாலும் நிறுவனமே தரும். பையில் மூன்று வெப்பநிலை போட்டிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கடைக்காரர்கள் காட்டுவது கடைசி எண்ணை. அது செத்துப்போகாமல் இருப்பதற்கான எண், தூங்குவதற்கானது இல்லை. கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். குளிர் கீழிருந்துதான் அதிகம் ஏறும், ஆகவே ஃபோம் பாய் ஒன்றின்மேல் காற்றடைத்த பாய் ஒன்று போடுங்கள், இரண்டின் காப்புத் திறனும் கூட்டிக்கொள்ளும். உள் பூட்ஸ், ஃபோன், பவர்பேங்க் எல்லாம் ராத்திரி பைக்குள் உங்களோடு படுக்க வேண்டியவை.

தண்ணீருக்கு உறிஞ்சு குழாய் வைத்த பை சிகர நாளில் உதவாது, குழாயில்தான் முதலில் உறையும். அகலவாய் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, சாக்ஸுக்குள் போட்டுத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேற்பரப்பில்தான் முதலில் உறையும் என்பதால் மூடிப்பக்கம் தப்பிக்கும். தின்பதற்கு கோவில்பட்டி கடலை மிட்டாய் எடுத்துப் போங்கள். கேரமல் நிரப்பிய சாக்லேட் பார்கள் அந்தக் குளிரில் பல்லை உடைக்கும், கடலை மிட்டாயைச் சின்னதாக உடைத்து பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம்.

உடம்பைத் தயார் செய்வது சாமானைவிடப் பெரிய வேலை, ஆனால் சொல்வதற்கு அதில் அதிகம் இல்லை. பேஸ் கேம்ப் சுமார் 5,100 மீட்டரில் இருக்கிறது என்றால் சிகர நாளில் 1,150 மீட்டர் ஏறி இறங்க வேண்டும். பத்து மாடிக் கட்டடம் ஒன்று ஏறத்தாழ 30 மீட்டர், ஆக அந்த ஒரு நாள் கிட்டத்தட்ட நாற்பது தடவை மாடி ஏறுவதற்குச் சமம். இப்போதே வாரம் நான்கு நாள் மூச்சு வாங்காத வேகத்தில் ஓடவோ வேகமாக நடக்கவோ ஆரம்பியுங்கள், ஒரு நாள் முதுகில் சுமையோடு மாடிப்படி. சுமைக்குத் தண்ணீர் பாட்டில்களை வைத்து மேலே போய்க் கொட்டிவிட்டு இறங்கினால் முட்டி தப்பிக்கும். பிப்ரவரி முதல் மே வரை திறந்திருக்கும் வெள்ளியங்கிரி, நமக்குக் கிடைக்கும் நல்ல பரீட்சை. ராத்திரி முழுக்க ஏறி, விடிந்ததும் தூக்கக் கண்ணோடு இறங்குவது சிகர நாளை ஓரளவு காட்டிவிடும். உயரத்துக்குப் பழகுவதை மட்டும் தமிழ்நாட்டில் எங்கேயும் செய்ய முடியாது. எவ்வளவு ஓடினாலும் அது தனிக் கணக்கு.

அந்தக் கணக்குக்கு நாள்தான் வேண்டும். லேயில் இறங்கியபின் முதல் இரண்டு நாள் ஊருக்குள்ளேயே மெதுவாக நடங்கள். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. உயரத்துக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரையை வழக்கமாக 125 மில்லிகிராம் காலை, மாலை என்று எழுதித் தருவார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மாத்திரை போட்டால் விரல் நுனி கூசும், சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், அல்லது ஒரு காலின் விரலை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால். அப்போது மணி என்ன, வானிலை என்ன என்று பார்க்காமல் கீழே இறங்க வேண்டும்.

நிறுவனத்திடம் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வானிலை கெட்டால் காத்திருக்க ஒரு உபரி நாள் திட்டத்தில் இருக்கிறதா? சிகர நாளில் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? பேஸ் கேம்ப்பில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குமா? முதல் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். எவ்வளவு நல்ல பூட்ஸும் அந்த ஒரு நாளுக்கு ஈடாகாது.

உங்களுக்கு மலை ஏறுவது ஒரு தடவையோடு நிற்காது என்று தோன்றினால், இந்த 40,000ஐ வேறு மாதிரி செலவழிக்கலாம். உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அல்லது டார்ஜிலிங் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சியில் சேருங்கள். கிட்டத்தட்ட ஒரு மாதம், லீவ் கிடைப்பதுதான் சிரமம். முக்கியமான சாமானை அவர்களே தருவார்கள். விதவிதமான பூட்ஸில், கிராம்பானில் நடந்து பார்த்தபின் எதை வாங்குவது என்று என்னைக் கேட்கத் தேவையிருக்காது.

கடைசியாக விமானச் சமாசாரம். பவர்பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும். கிராம்பான், ஐஸ் ஆக்ஸ், நடைக்கோல் எல்லாம் செக்-இன் லக்கேஜில். கேஸ் டின் எதிலும் கூடாது. பேஸ் கேம்ப் வரை நடக்கப் போடும் டிரெக்கிங் ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே விமானத்தில் ஏறுங்கள், பெட்டி தொலைந்தால் மற்றதை லேயில் தேற்றிவிடலாம், கால் பழகிய ஷூவைத் தேற்ற முடியாது. சாட்டிலைட் ஃபோன், சாட்டிலைட் மெசேஞ்சர் கருவி எதையும் அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள், இந்தியாவில் அது சட்டச் சிக்கல். அப்புறம் உங்கள் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டுக் கிளம்புங்கள்.