கூரையில் பேனல் இருந்தும் வீடு இருட்டாவது ஏன்?

கேள்வி: 5 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். நல்ல வெயில் நேரத்தில் மின்வெட்டு வந்தாலும் வீட்டில் கரன்ட் இல்லை. இன்வெர்ட்டர் பழுதா?

பதில்: பழுதில்லை. உங்களிடம் இருப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது தெரு லைனோடு சேர்ந்து மட்டுமே ஓடும் வகை. தெரு லைனில் வரும் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் பின்பற்றித்தான் அது ஓடும். லைன் போனதும் தானே நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால், கரன்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கு உங்கள் கூரையே ஆபத்தாகிவிடும்.

மின்வெட்டிலும் விளக்கு எரிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (சோலார், லைன், பேட்டரி மூன்றையும் கையாளும் வகை) பேட்டரியும் வேண்டும். ஹைபிரிட்டில் 'பேக்கப்' என்று தனி அவுட்புட் இருக்கும். ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ், ரவுட்டர் ஆகியவற்றை மட்டும் தனி சர்க்யூட்டாகப் பிரித்து அதில் கொடுங்கள். கீசர், ஏசி வேண்டாம். பெரும்பாலும் தவறு நடப்பது நியூட்ரலில்தான். ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பழைய பஸ்பாரிலேயே (வயர்களை ஒன்றாக இணைக்கும் உலோகப் பட்டை) விட்டால் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆகும். பேக்கப் சர்க்யூட்டுக்கு நியூட்ரலும் தனியாக வர வேண்டும். லைன் இல்லாதபோது அந்த நியூட்ரல் எர்த்துடன் சேர்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேராவிட்டால் ஷாக் அடித்தாலும் ஆர்சிசிபி விழாமல் போகலாம்.

கேள்வி: 4 மணி நேர மின்வெட்டுக்கு எவ்வளவு பேட்டரி? பழைய லெட் ஆசிட் போதுமா?

பதில்: முதலில் லோடைக் கூட்டுங்கள். 75 வாட் ஃபேன் 3, 9 வாட் விளக்கு 5, ரவுட்டர் 12 வாட், ஃபிரிட்ஜ் சராசரியாக 50 வாட். மொத்தம் ஏறக்குறைய 330 வாட். 4 மணி நேரத்துக்கு 1.3 யூனிட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் பயன்படுத்தலாம், இன்வெர்ட்டரில் 10 சதவீதம் வீணாகும் என்று வைத்தால் 1.8 யூனிட் வருகிறது. சந்தையில் கிடைக்கும் 51.2 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் பேட்டரி (2.56 யூனிட்) தாராளம். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரன்ட் இழுக்கும். இன்வெர்ட்டரை 330 வாட்டுக்குக் கணக்கிட்டு வாங்கிவிடாதீர்கள்.

லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவரில் இரண்டு தேவை. அதைவிடப் பெரிய சிக்கல் சார்ஜ் நேரம். 15 ஆம்பியரில் ஏற்றினால் பாதியிலிருந்து முழுமைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே நாளில் இரண்டு மூன்று முறை மின்வெட்டு வந்தால் அது நிறையவே நிறையாது. அரைச் சார்ஜில் கிடந்து தட்டுகளில் சல்பேட் படிந்து, வாங்கிய சில மாதங்களிலேயே தாங்கும் நேரம் சரியும். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் லித்தியத்தையே பரிந்துரைக்கிறோம்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் அத்தனை கூரைகளில் சோலார் வந்தும் மின்வெட்டு ஏன் உடனே நிற்கவில்லை?

பதில்: அந்நாட்டு அரசு மின்நிறுவனமான எஸ்காமின் மதிப்பீட்டில் 2022 மார்ச்சில் ஏறக்குறைய 1,000 மெகாவாட்டாக இருந்த கூரை சோலார், 2023 நடுவில் 4,400 மெகாவாட்டைத் தொட்டது. பேனல் வாங்கும் வீடுகளுக்கு அரசு 25 சதவீத வரிச்சலுகையும் தந்தது. ஆனாலும் அங்கே மின்வெட்டு மிக மோசமாக இருந்த ஆண்டு 2023தான். பழுதாகி நின்ற நிலக்கரி நிலையங்கள் மூல காரணம். தேவை உச்சத்துக்குப் போவதோ சூரியன் சாய்ந்த பிறகு, மாலை 5 முதல் 9 மணி வரை. அந்நேரம் பேனல் உதவாது.

அதற்காகச் சோலார் வீண் என்று சொல்வது அநியாயம். பகல் தேவை குறைந்ததால் அவசரத்துக்கு ஓட்டும் டீசல் மின்நிலையங்களின் டீசல் மிச்சமானது. இங்குலா போன்ற நீரேற்று நிலையங்களின் (தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பவை) மேல் அணைகளை நிரப்பி மாலைக்கு வைத்துக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தது. 2024 மார்ச் இறுதியில் தொடங்கி ஏறக்குறைய 10 மாதம் மின்வெட்டே இல்லாமல் போனதற்கு நிலக்கரி நிலையங்களின் பராமரிப்பு சீரானதுதான் முதன்மைக் காரணம். சோலார் துணை நின்றது. கரன்ட் வந்ததும் எல்லா வீட்டு பேட்டரியும் லைனிலிருந்தே சார்ஜ் ஏற்றினால் சுமை மறுபடி எகிறும். அதனால் உங்கள் ஹைபிரிட் செட்டிங்கில் 'சோலார் முதலில்' என்று வையுங்கள். லைன் சார்ஜை நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் அனுமதியுங்கள்.

கேள்வி: 500 வோல்ட் தாங்கும் இன்வெர்ட்டரில் 49 வோல்ட் பேனல் பத்தைத் தொடராக இணைக்கலாமா?

பதில்: கூடாது. அந்த 49 வோல்ட் 25 டிகிரி வெப்பநிலைக்கான அளவு. குளிர்ந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.27 சதவீதம் ஏறும். 5 டிகிரி காலையில் பத்தும் சேர்ந்து 516 வோல்ட் தரும். இன்வெர்ட்டர் எரிந்துபோனால் வாரண்டியும் கிடைக்காது. ஒன்பதோடு நிறுத்துங்கள்.