கலிபோர்னியா ஆளுநர் தேர்தல்: பெயர் எழுதிப் போடும் வேட்பாளராக நிற்க

நவம்பரில் நடக்கும் இறுதித் தேர்தலில் சுயேச்சையாக நின்று, வாக்காளர்கள் உங்கள் பெயரைக் கையால் எழுதி வாக்களிக்கும்படி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கலிபோர்னியாவில் முடியாது, அந்த வாக்குகளை எண்ணவே மாட்டார்கள். 2010இல் மக்கள் ஏற்ற 'முதல் இருவர்' முறைக்குப் பிறகு (கட்சி பாராமல் முதல் சுற்றில் அதிக வாக்கு பெறும் இருவர் மட்டுமே நவம்பருக்குப் போவார்கள்), அந்த முதல் சுற்றான முதனிலைத் தேர்தலில் மட்டுமே இதற்கு வழி உண்டு. முதனிலைத் தேர்தலுக்கு 57 நாள் முன்பிருந்து 14 நாள் முன்புவரை உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தேர்தல் அலுவலகத்தில் வேட்பாளர் அறிக்கையும், 65 முதல் 100 வாக்காளர்களின் கையெழுத்தும் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை.

65 மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். வாக்காளர் பதிவில் இல்லாத ஒருவர் கையெழுத்திட்டிருந்தாலும் எண்ணிக்கை குறைந்து மனு விழுந்துவிடும். நூறை ஒட்டியே வாங்குங்கள்.

பிரசாரத்தில் ஒன்றை விடாமல் சொல்லுங்கள்: பெயரை எழுதினால் போதாது, வாக்குச்சீட்டில் அதன் பக்கத்தில் உள்ள வட்டத்தையும் நிரப்ப வேண்டும். சிறு எழுத்துப்பிழை பரவாயில்லை. முதல் இருவரில் வந்தால் நவம்பர் வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் அச்சிலேயே வரும்.