காது இரைச்சலுக்குக் குறைந்த அதிர்வெண் ஒலி உதவுமா?

காதுக்குள் ஓயாமல் 'ஙொய்ய்' என்று கேட்கும் டின்னிடஸ், குறைந்த அதிர்வெண் ஒலியைக் கேட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு காதிலும் பல வருடமாக இருக்கிறது. இரவில் அப்படி ஓர் ஒலியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். தொந்தரவு குறையும், இரைச்சல் போகாது. என் அனுபவம் இவ்வளவுதான்.

பெரும்பாலும் உள்காதில் உயர் அதிர்வெண்ணை வாங்கும் மயிர்ச் செல்கள் பழுதான பிறகுதான் இந்த இரைச்சல் கிளம்புகிறது. காதிலிருந்து வரவேண்டிய சமிக்ஞை குறைந்ததும் மூளை தன் பங்குக்கு வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். என் ஆடியோகிராமில், அதாவது செவித்திறன் சோதனை வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு சரேலென்று கீழே இறங்கும். இரைச்சலும் கிட்டத்தட்ட அதே சுருதிதான். அப்படியானால் மேலே கேட்கும் கீச்சொலிக்குக் கீழே இருக்கும் ஒலி எப்படி உதவும்? நியாயமான சந்தேகம். வெளியிலிருந்து வரும் ஓர் ஒலியை மறைக்க, அதற்குப் பக்கத்துச் சுருதியில் இன்னொரு ஒலி வேண்டும். டின்னிடஸ் அந்த விதிக்கு அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை. ஃபெல்ட்மான் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1971-லேயே இதைக் காட்டினார்: சிலருக்கு எந்தச் சுருதியில் ஒலி கொடுத்தாலும் இரைச்சல் அடங்கியது, சிலருக்கு எதைக் கொடுத்தாலும் அடங்கவில்லை. ஆகவே உங்களுக்கு ஒத்துவருமா என்பதைக் கேட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதில் நடைமுறை வசதி ஒன்றும் உண்டு. நம்மில் பலருக்குக் கீழ்ச்சுருதி கேட்கும் திறன் கெடாமல் இருக்கும். மேல்ச்சுருதி 'உஸ்ஸ்' ஒலி கேட்க வால்யூமை ஏற்றவேண்டியிருக்கும், அது எரிச்சலும் ஊட்டும். கீழ்ச்சுருதி ஒலியைக் குறைந்த வால்யூமிலேயே வைக்கலாம்.

ஆனால் 60 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைச் சுருதியை மணிக்கணக்கில் ஓடவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் காது அடைத்த மாதிரி ஆகி, ஒரு தொல்லைக்கு இரண்டு தொல்லையாகிவிடும். பிரவுன் நாய்ஸ் என்று தேடுங்கள். ஒயிட் நாய்ஸில் எல்லா அதிர்வெண்ணும் சமமாக இருக்கும். பிரவுன் நாய்ஸில் ஒவ்வோர் ஆக்டேவ் ஏறும்போதும், அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும்போதெல்லாம், 6 டெசிபல் குறையும். தூரத்தில் அருவி விழுவது போலக் கேட்கும். மேல்பகுதி கொஞ்சம் மிச்சமிருப்பதால் கீச்சொலியோடும் கலந்துவிடும்.

எதில் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். ஃபோனின் சின்ன ஸ்பீக்கரால் 60 ஹெர்ட்ஸை உருப்படியாக எழுப்ப முடியாது. போதாக்குறைக்கு நம் காதும் அந்தப் பக்கம் மந்தம்: 1000 ஹெர்ட்ஸ் ஒலி 2 அல்லது 3 டெசிபலிலேயே கேட்டுவிடும், 50 ஹெர்ட்ஸுக்கோ 44 டெசிபல் வேண்டும். 'ஒன்றுமே கேட்கலையே' என்று இயர்போனை மாட்டி வால்யூமை ஏற்றுபவர்கள், இருக்கிற செவித்திறனையும் கெடுத்துக்கொள்வார்கள். சுமாரான பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் தலைமாட்டிலிருந்து தள்ளிவைத்தால் போதும். இரைச்சலை மூழ்கடிக்கவும் வேண்டாம். இரைச்சலும் லேசாகக் கேட்கவேண்டும், ஒலியும் கேட்கவேண்டும். ஜாஸ்டிரபாஃப் என்ற ஆய்வாளர் வகுத்த டின்னிடஸ் மறுபயிற்சி முறையில் அந்த அளவில்தான் வைக்கச் சொல்கிறார்கள், மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடக் கற்றுக்கொள்வதற்காக. அதற்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம்.

ஆதாரம் என்று பார்த்தால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஒலி சிகிச்சை மற்றவற்றைவிட மேலானது என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் முடித்தது. வாழ்க்கையில் இரைச்சல் தரும் பாதிப்பைக் குறைப்பதில் சி.பி.டி. எனும் உளவியல் சிகிச்சைக்கு அதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஹியரிங் எய்டும் உதவக்கூடும். 'இந்த ஹெர்ட்ஸைக் கேளுங்கள், ஒரே வாரத்தில் குணம்' வகை வீடியோக்களை நான் திறப்பதே இல்லை.

எதையும் தொடங்குமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். ஒரே காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் ஒலி, தலைசுற்றலும் காதடைப்பும் சேர்ந்த 'கும்ம்' என்ற ஒலி, இவற்றுக்குக் காரணமே வேறாக இருக்கலாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடவேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும்.

அப்புறம், தூங்கும்போது டைமர் வைக்காதீர்கள். நடுராத்திரியில் ஒலி பட்டென்று நின்றால் அந்த நிசப்தத்திலேயே விழிப்பு வந்து, இரைச்சல் இரண்டு மடங்காகத் தெரியும். விடியும்வரை தாழ்வாக ஓடட்டும், இல்லையென்றால் மெல்ல மெல்லத் தேய்ந்து நிற்கிற வசதியுள்ள செயலியாகப் பாருங்கள்.