மலையேறும் ஹைபிரிட்: சேவைப் புத்தகம் முடிந்த பிறகு

மலைநாட்டில் ஹைபிரிட் கார், அதாவது பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார் ஓட்டுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள் இவை. டொயோட்டாவின் பழைய பிரியஸ், அக்வா பற்றி உறுதியாகச் சொல்வேன். ஹொண்டா பற்றி ஓரளவு சொல்வேன். விலை, லீசிங், எந்த நிறம் ராசியானது என்பவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, என்னுடையது மூன்றாம் தலைமுறை பிரியஸ். 210,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. எஞ்சின் ஒயிலைத் தவிர வேறெதுவும் மாற்றியதில்லை. இனி எங்கிருந்து தொடங்குவது?

டீச்சர், பற்றரியிலிருந்து தொடங்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். வண்டியை முதலில் கெடுப்பது வெப்பம். ஆகவே வெப்பத்தை வெளியேற்றும் பாகங்களையே முதலில் பார்க்க வேண்டும்.

பின் இருக்கையின் பக்கவாட்டில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. பற்றரி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. உள்ளே இருக்கும் மின்விசிறியைக் கழற்றிப் பாருங்கள். தூசியும் நூலும் முடியும் அப்பியிருக்கும். அதைத் துடைக்க அரை நாள் கூலிதான் ஆகும். துடைக்காமல் விட்டால் பற்றரிக்கே செலவழிக்க நேரிடும்.

அடுத்தது கூலன்ட், அதாவது குளிர்விக்கும் திரவம். உங்கள் வண்டியில் அது இரண்டு தனித்தனிச் சுற்றுகளில் ஓடுகிறது: எஞ்சினுக்கு ஒன்று, பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வேட்டருக்கு ஒன்று. பல கராஜ்களில் இரண்டாவதன் மூடியைக்கூடத் திறப்பதில்லை. டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்டை எஞ்சினில் முதல் தடவை 160,000 கிலோமீற்றரிலும், இன்வேட்டரில் 240,000 கிலோமீற்றரிலும், பிறகு ஒவ்வொரு 80,000 கிலோமீற்றருக்கும் மாற்றச் சொல்கிறார்கள். நானுஓயா ஏற்றத்தில் தினமும் ஏறும் வண்டிக்கு இன்வேட்டருக்கும் 160,000 கிலோமீற்றரிலேயே மாற்றுங்கள் என்பேன். நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். குழாய்த் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்.

மூன்றாவது, கியர்பெட்டி ஒயில். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்பார்கள். யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். வகை ஒயில் மூன்றரை லீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். நிரப்பு துவாரத்தில் வழியும்வரை ஊற்றுவதுதான் அளவு. எனவே வண்டி சமதரையில் நிற்க வேண்டும். நம் ஊரில் பாதிக் கராஜ்கள் சரிவில்தான் இருக்கின்றன. அங்கே அளவு தப்பும்.

நான்காவது, ஈ.ஜி.ஆர். குளிர்விப்பான்: எஞ்சினின் புகையில் ஒரு பகுதியை ஆறவைத்துத் திரும்ப உள்ளே அனுப்பும் பாகம். இந்த 1.8 லீற்றர் எஞ்சினின் பெரிய பலவீனம் இதுதான். புகைக்கரி அடைத்துக்கொண்டால் எஞ்சினின் வெப்பச் சமநிலை கெடும். பல வண்டிகளில் அது ஹெட் கஸ்கட், அதாவது எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடு போவதில் முடிந்திருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் கடகடவென்று உதறுகிறதா? கூலன்ட் கசிவு எதுவும் தெரியாமலே குறைகிறதா? இரண்டும் இருந்தால் சுத்தம் செய்யும் காலம் கடந்துவிட்டது. உடனே கஸ்கட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பண்டாரவளை: அக்வா பற்றரி எத்தனை வருடம் வரும்?

விசிறியைத் துடைத்தால் கூடுதலாக வரும்.

ஹப்புத்தளை: பிரியஸ் பற்றரி எத்தனை வருடம் உழைக்கும் அண்ணா?

மேலே பாருங்கள்.

நுவரெலியா, மரக்கறி வியாபாரி: பின் இருக்கையை மடித்து லீக்ஸ், கரட் மூட்டை ஏற்றுகிறேன். ஏதும் பிழையா?

மூட்டையில் பிழையில்லை, அது காற்றுத் துவாரத்தை அடைப்பதுதான் பிழை. மண்தூசியும் உள்ளே போகும். இன்னொன்று: பற்றரி உறிஞ்சுவது வண்டிக்குள் இருக்கும் காற்றைத்தான். குளிருக்குக் கண்ணாடியை மூடி ஹீட்டரை உச்சத்தில் வைத்தால் அதுவும் அந்தச் சூட்டையே உறிஞ்சும். மிதமாக வையுங்கள்.

ஹட்டன்: ஹைபிரிட் பற்றரி பழுது என்ற பி0ஏ80 குறியீடு காட்டுகிறது. பழுதான செல்லை மட்டும் மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பிரியஸ் பற்றரி என்பது 28 நிக்கல் தொகுதிகள் வரிசையாய் இணைந்த 201.6 வோல்ட். எல்லாம் ஒரே வயது. ஒன்று போனால் மற்றவையும் பின்னால் நிற்கின்றன. யாரோ கழற்றிப்போட்ட பழைய தொகுதியை நடுவில் செருகினால் சில மாதங்களில் வேறொன்று சாயும். அவரும் மறுபடி பணம் வாங்குவார். வண்டியை விற்கும்வரை தள்ள நினைப்பவருக்கு அது போதும். வைத்து ஓட்டுபவருக்குப் போதாது.

ஆனால் முதலில் ஸ்கேனரைப் பொருத்தி ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். தொகுதிகளை இரண்டிரண்டாக 14 கட்டங்களாகக் கணினி அளக்கிறது. ஏற்றத்தில் எல்லாம் ஒன்றாகத் தாழ்ந்தால் ஆறுதல். ஒன்று மட்டும் தனியாக விழுந்தால் பழுது அங்கேதான். சில வேளைகளில் இணைப்புத் தகடுகளில் படிந்த பச்சைக் களிம்புதான் காரணம். நம் ஈரக்காற்றுக்கு அது இயல்பு. சமதரையில் நிறுத்திவைத்து அளந்து 'பற்றரி முடிந்தது' என்பவரை நம்பாதீர்கள்.

உயர் வோல்ட் மின்சாரம் ஓடும் செம்மஞ்சள் நிறக் கேபிளை மட்டும் நீங்களே தொடாதீர்கள். பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் சேவைப் பிளக்கைக் கழற்றினாலும் இன்வேட்டரில் மின்சாரம் சற்று நேரம் தேங்கி நிற்கும். பத்து நிமிடமாவது காத்திருக்காமல் கைவைக்கும் மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ரம்பொடை, வாடகைக் கார் ஓட்டுநர்: இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறேன், பெற்றோல் மிச்சம். கியர் கம்பியில் எஞ்சின் பிறேக்குக்கான 'பி' போட்டால் எஞ்சின் கத்துகிறது. அது எஞ்சினுக்குக் கெடுதிதானே?

நியூட்ரலில் ஒரு சொட்டும் மிச்சமில்லை. வழக்கமாக ஓட்டும் 'டி'யில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக எரிபொருளை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் மின் பிறேக் இல்லை, பற்றரியும் ஏறாது. முழுப் பாரமும் பிறேக் பாட்டின் தலையில். அந்த வளைவுகளில் இது விளையாட்டல்ல. 'பி'யில் எஞ்சின் பெற்றோல் குடிக்காமல் வெறுமனே சுழல்கிறது. கத்தட்டும்.

கொத்மலை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'பி' போட்டால் பற்றரிக்குப் போக வேண்டிய சக்தி எஞ்சினைச் சுற்றுவதில் வீணாகிறது. 'டி'யில் மெதுவாக பிறேக் அழுத்துவதே சரி.

குட்டி இறக்கத்தில் நீங்கள் சொல்வது சரி. நுவரெலியா – கம்பளை இறக்கத்தில் சரியில்லை. கணக்கைப் பார்ப்போம். 1,868 மீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்குகிறீர்கள். ஆட்களோடு வண்டி 1,600 கிலோ என்றால், விடுபடும் சக்தி சுமார் 6 கிலோவாட் மணி. பாதியைச் சக்கர உராய்வும் காற்றும் தின்றாலும் மூன்று மிஞ்சும். பிரியஸ் பற்றரியின் மொத்தக் கொள்ளளவே 1.3. அதிலும் கணினி பயன்படுத்த விடுவது சுமார் 40 முதல் 80 சதவீதம் வரை. அதாவது அரைக் கிலோவாட் மணி. ஆழாக்கில் அண்டாத் தண்ணீரைப் பிடிக்க முடியுமா? நிரம்பிய பிறகு மீதி பிறேக்கைச் சுடவைக்கும், அல்லது எஞ்சினைச் சுழற்றும். எஞ்சினே சுழலட்டும்.

ரம்பொடை (மீண்டும்): நான் லொறி ஓட்டிப் பழகியவன். எனக்கு இறக்கம் கற்றுத்தர வேண்டாம்.

லொறியில் ஏறிய கியரிலேயே இறங்கு என்றுதானே உங்கள் குருவும் சொல்லியிருப்பார்? 'பி' அதுதான். லொறியை நியூட்ரலில் விட்டிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க இருந்திருக்க மாட்டீர்கள்.

கொத்மலை (மீண்டும்): நிரம்பும்வரை 'டி', நிரம்பிய பின் 'பி'. ஒப்புக்கொள்கிறீர்களா?

ஒப்புக்கொள்கிறேன். திரையில் பற்றரிக் கோடு உச்சிக்கு வந்ததும் மாற்றுங்கள். மற்றவர்கள் இதைத் தொடர வேண்டாம், இன்னும் கேள்விகள் நிற்கின்றன.

கண்டி: என்னுடையது ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், ஜீ.பி.5 மொடல். ஏற்றத்து நெரிசலில் கியர்பெட்டி சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது.

அதில் இருப்பது இரட்டை உலர் கிளட்ச். நீங்கள் ஏற்றத்தில் அக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறீர்கள். பிறேக்கில் நில்லுங்கள், முன்னே இடைவெளி விட்டு ஒரேயடியாக நகருங்கள். எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். அப்படியும் வந்தால் ஹொண்டா தெரிந்தவரிடம் போங்கள்.

வெலிமடை: சுசுகி வேகன் ஆர் பற்றரியும் இப்படித்தானா?

இல்லை, அது சிறு உதவி மோட்டார், பெல்ட்டில் ஓடுவது. பெல்ட்டைப் பாருங்கள்.

பதுளை: பிறேக் பாட் 100,000 கிலோமீற்றராகத் தேயவேயில்லை. அதைத் தொடாமலே விடலாமா?

தேயாததுதான் சிக்கல். மோட்டாரே பாதி பிறேக் பிடிப்பதால் பாட் அசைவதில்லை. பனியிலும் மழையிலும் கலிப்பர் ஊசிகள் துருப்பிடித்து இறுகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கிறீஸ் பூசுங்கள். பிறேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்; ஈரம் ஏறிய ஒயில் நீண்ட இறக்கத்தில் கொதிக்கும்.

மஸ்கெலியா: காலையில் வண்டி உயிர் பெறவில்லை. ஹைபிரிட் பற்றரி போய்விட்டதா? எத்தனை வருடம்தான் வரும் இது?

மறுபடியுமா! பெரிய பற்றரியைத் தேடாதீர்கள், பின்னால் இருக்கும் சின்ன 12 வோல்ட் பற்றரியை அளந்து பாருங்கள். மாற்றுவதானால் வாயுக் குழாய் உள்ள வகையையே வாங்குங்கள். அது வண்டிக்குள் இருக்கிறது. அயலவரின் வண்டியிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது சிவப்பையும் கறுப்பையும் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் இன்வேட்டரின் விலையை விசாரிக்க வேண்டிவரும்.

நோர்வூட்: இறக்கத்தில் 'பி' போடலாமா அண்ணா?

ரம்பொடைக்காரரைக் கேளுங்கள்.